வினாநிரல் மொழிபெயர்ப்பும் சமூக ஏற்பு விடையும்: கோவிந்தாபுரம் எல்லைப் பகுதியை முன்வைத்து

1. முன்னுரை

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் இடத்தில் கோவிந்தாபுரம் அமைந்துள்ளது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த முதலமடை ஊராட்சிக்கு உட்பட்ட இவ்வூரில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. 2017 ஜூன் மாதத்தில் இவ்வூர் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. இங்குள்ள அம்பேத்கர் குடியிருப்பில் வாழும் சக்கிலியர் சமூகத்தார், தமிழகத்தில் அருந்ததியர் என வழங்கப்பெறுவோர், தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயடியிலும் தங்களிடம் வேறுபாடு காட்டப்படுவதாக முறையிட்டனர். அவ்வாறு ஏதும் இல்லை என்ற மறுப்பும் உடனே எழுந்தது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் 2011-12இல் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் இரண்டாம் சுற்று நடைபெற்றது. புதுதில்லியிலுள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய இவ்வாய்வு 42,152 குடும்பங்களை உள்ளடக்கியது. தங்கள் வீட்டில் தீண்டாமை ஏதேனும் ஒரு வடிவில் கடைப்பிடிக்கப்படுவதாக ஒப்புக்கொண்ட குடும்பங்கள் நாடு முழுவதிலும் 27 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தில் 53 விழுக்காடு. கேரளத்தில் 2 விழுக்காடு மட்டுமே.

இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. ஒரு மாநிலத்தின் சராசரி ஓர் ஊரின் நிலையைக் காட்டாது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. கேரளத்தின் 2 விழுக்காடு என்பது மூன்று காரணங்களால் விளைந்திருக்கலாம். அவ்வழக்கம் உண்மையிலேயே அரிதாகியிருக்கலாம். வழக்கம் இருந்தும் ஒப்புக்கொள்ளுதல் அரிதாகியிருக்கலாம். அல்லது வினாவில் இடம்பெற்ற சொல், விடையளிப்பவர் தம் வீட்டு வழக்கத்துக்கு இட்டிருக்கும் பெயராக இல்லாமலிருக்கலாம். முதலாவது சமூக மாற்றம், இரண்டாவது விடையளிப்போரின் மனப்பாங்கு, மூன்றாவது மொழிபெயர்ப்பு. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இம்மூன்றையும் பிரித்தறிய இயலாது. இவற்றைப் பிரித்தறியும் வழிகளையும் அவற்றில் மொழிபெயர்ப்பாளருக்குரிய பங்கையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. சமூக ஏற்பு விடை: கருத்தும் அளவுகோலும்

'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பது தமிழ் வழக்கு. அந்த நாலு பேர் எதிரில் இல்லாதபோதும், அவர்கள் ஏற்கும் விடையைத் தருவது மாந்தர் இயல்பு. இவ்வாறு உண்மை நிலையிலிருந்து விலகி, சமூகம் நல்லதெனக் கொள்ளும் திசையில் சாயும் விடையைச் 'சமூக ஏற்பு விடை' எனலாம். இது முழுப் பொய்யாக இருக்க வேண்டுவதில்லை. நினைவிலிருந்து நல்லதை மட்டும் எடுத்துக் கூறுவதும், மிகைப்படுத்துவதும், குறைத்துச் சொல்வதும் இதனுள் அடங்கும்.

இதனை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி அமெரிக்க உளவியலாளர் ஆலன் எட்வர்ட்ஸ். ஒரு கூற்று எந்த அளவுக்கு விரும்பத்தக்கது என ஒரு குழுவினரை மதிப்பிடச் செய்தார். அதே கூற்று தமக்குப் பொருந்துமா என வேறொரு குழுவினரிடம் வினவினார். இரண்டுக்குமிடையே 0.87 என்னும் மிக உயர்ந்த ஒட்டுறவு காணப்பட்டதை 1953இல் வெளியிட்டார். மக்கள் தம்மைப் பற்றிக் கூறியவை, நல்லவை என்று பிறர் கருதியவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன.

1960இல் கிரௌன், மார்லோ ஆகிய இருவரும் இச்சாய்வை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினர். இதன் அமைப்பு எளியது. சமூகம் போற்றுவதும் ஆயின் எவரும் முற்றிலும் கடைப்பிடிக்காததுமான செயல்கள் ஒருவகை. சமூகம் இகழ்வதும் ஆயின் எல்லாரும் சில வேளை செய்வதுமான செயல்கள் மற்றொரு வகை. முதல்வகைக்கெல்லாம் 'ஆம்' என்றும் இரண்டாம் வகைக்கெல்லாம் 'இல்லை' என்றும் கூறுபவர் ஏற்பு நாட்டம் மிக்கவர் எனக் கணிக்கப்படுவார். 1984இல் பாலஸ் என்பவர் இந்நாட்டத்தில் இரு கூறுகள் உண்டெனக் காட்டினார். தன்னையே நல்லவராக நம்பிக்கொள்ளும் தன்மயக்கம் ஒன்று. பிறர்முன் நல்லவராகத் தோன்ற முயலும் தோற்றக் காப்பு மற்றொன்று. விடை மறைவாகத் தரப்படும்போது இரண்டாவது குறையும். முதலாவது அவ்வாறு எளிதில் குறையாது. இணையவழி ஆய்வுகளை மதிப்பிடுவதற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

மொழியியலாருக்கு இந்நிகழ்வு புதிதன்று. இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஆராய்ந்த பீட்டர் டிரட்கில், மக்கள் தாம் பயன்படுத்துவதாகக் கூறிய ஒலிப்பையும் ஒலிப்பதிவில் உண்மையாகப் பயன்படுத்திய ஒலிப்பையும் ஒப்பிட்டு 1972இல் வெளியிட்டார். பெண்கள் பலர் மதிப்புமிக்க வடிவத்தைத் தாம் பயன்படுத்துவதைக் காட்டிலும் மிகுதியாகக் கூறினர். ஆண்கள் பலர் குறைத்துக் கூறினர். ஆண்களிடையே உழைப்பாளர் பேச்சுக்கு வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு மதிப்பு இருந்தமையே இதற்குக் காரணம் என அவர் விளக்கினார். ஏற்புக்குரிய திசை எல்லாக் குழுவுக்கும் ஒன்றாக இராது என்பது இதனால் பெறப்படும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரு சான்று தருகின்றது. 1951இல் பஞ்சாபில் தாய்மொழி பற்றிய விடைகள் அரசியல் சார்பால் பெரிதும் பாதிக்கப்பட்டமையால் இந்தி, பஞ்சாபி, உருது, பகாரி ஆகியவை ஒன்றாகச் சேர்த்தே அட்டவணைப்படுத்தப்பட்டன. 'உம் தாய்மொழி யாது?' என்பதும் சில சூழல்களில் கூச்சத்துக்கோ அச்சத்துக்கோ உரிய வினாவாகிவிடுகின்றது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எம்மாநிலத்துக்குரியன என்னும் பூசல் 1956க்கு முன் கேரள எல்லையிலும் இருந்தது. இன்று அவ்வட்டங்கள் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன.

3. நாடுகளை ஒப்பிடுதல்

ஒரே அளவுகோலைப் பல நாடுகளில் பயன்படுத்தும்போது சிக்கல் பெருகுகின்றது. ஜான்சன், வான் தெ வைவர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, செல்வம் மிக்க நாடுகளில் ஏற்பு நாட்டம் பொதுவாகக் குறைந்து காணப்படுவதைச் சுட்டுகின்றது. இதனை 'ஏழை நாட்டு மக்கள் மிகுதியாகப் பொய் கூறுகின்றனர்' எனப் பொருள்கொள்ளுதல் தவறு. அண்டை வீட்டாரின் துணையின்றி வாழ இயலாத சூழலில் பிறர் மனம் கோணாமல் பேசுவது வாழ்க்கைத் தேவை. மேலும், 'கேட்டவருக்கு உதவ ஒருபோதும் மறுத்ததில்லை' என்பது ஒரு சமூகத்தில் மிகையாகவும் மற்றொரு சமூகத்தில் மெய்யாகவும் இருக்கலாம்.

ஒப்பீட்டுக்கு மூவகைச் சமன்மை வேண்டும் என்பர். அளக்கப்படும் கருத்து இரு நாடுகளிலும் ஒன்றாக இருத்தல் முதலாவது. அளவுகோலின் ஒவ்வொரு படியும் சம அளவினதாக இருத்தல் இரண்டாவது. அளவு தொடங்கும் புள்ளியும் ஒன்றாக இருத்தல் மூன்றாவது. வெப்பமானியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செல்சியசும் கெல்வினும் சமமான படிகளை உடையவை. தொடக்கப் புள்ளி மட்டும் வேறு. ஓர் ஊரின் இரு நாள் வெப்ப வேறுபாட்டை எதனாலும் அளக்கலாம். ஆனால் ஓர் ஊரைச் செல்சியசிலும் மற்றோர் ஊரைக் கெல்வினிலும் அளந்து, எது வெப்பம் மிக்கது என முடிவுசெய்ய இயலாது. வினாநிரலின் தொடக்கப் புள்ளியை நகர்த்துவனவற்றுள் மொழிபெயர்ப்பு முதன்மையானது.

2013 மே மாதத்தில் அமெரிக்க நாளிதழான வாஷிங்டன் போஸ்ட் உலக மதிப்பீட்டாய்வின் தரவுகளைக் கொண்டு ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. வேற்று இனத்தவர் அண்டை வீட்டில் குடியிருப்பதை விரும்பாதோர் விழுக்காட்டை அது நாடுவாரியாகக் காட்டியது. இந்தியா, வங்கதேசம், ஹாங்காங், ஜோர்டான் ஆகியவை மிகுந்த சகிப்பின்மை உடையனவாகத் தோன்றின. வங்கதேசத்துக்கும் ஹாங்காங்குக்கும் உரிய எண்கள் விடைகள் தலைகீழாகப் பதிவானதால் விளைந்தவை எனப் பின்னர்ச் சுட்டிக்காட்டப்பட்டது. ஆம், இல்லை என்னும் இரு விடைகள் இடம் மாறியதால் ஒரு சமூகத்தின் பெயரே கெட்டது.

பதிவுப் பிழையைக் கண்டறிந்து திருத்தலாம். சொற்பொருள் வேறுபாடு அவ்வாறு எளிதில் புலப்படுவதில்லை. ஆங்கில மூலத்தில் நிறத்தையும் மரபையும் குறிக்கும் சொல்லுக்குத் தமிழில் 'இனம்' என்பதே பொதுவாக இடப்படுகின்றது. தமிழில் 'இனத்தார்' என்போர் உறவினர். 'தமிழினம்' என்பது மொழிவழி மக்கள். 'இன்ன இனம்' என ஊர்ப்புறத்தில் வினவினால் அது சாதியைக் குறிப்பதாகவே பலர் கொள்வர். ஆகவே 'வேறு இனத்தவர் அண்டை வீட்டில் குடியிருப்பதை விரும்புவீர்களா?' என்பதற்கு ஓர் ஆப்பிரிக்கரை எண்ணி ஒருவரும், வேற்றுச் சாதியாரை எண்ணி மற்றொருவரும் விடையளிக்கலாம். இருவர் விடையும் ஒரே கட்டத்தில் பதிவாகும்.

4. தமிழ் இலக்கணமும் விடையின் சாய்வும்

4.1 'உண்டு' வடிவங்கள்

ஆங்கிலத்தில் நிகழ்கால வினையும் 'சில வேளை' என்னும் அடையும் சேர்ந்து அமையும் கூற்றுகள் ஏற்பு அளவுகோல்களில் மிகுதி. இவற்றைத் தமிழில் குறைந்தது மூன்று வகையில் தரலாம்: 'பொய் சொன்னதுண்டு', 'பொய் சொல்வதுண்டு', 'சில வேளை பொய் சொல்பவர்'. முதலாவது வாழ்நாளில் ஒருமுறை நிகழ்ந்தாலும் பொருந்தும். இரண்டாவது இடையிடையே நிகழும் வழக்கத்தைக் குறிக்கும். மூன்றாவது செயலை ஆளின் பண்பாக்கிவிடும். முதலாவதை ஒப்புக்கொள்ள எவரும் தயங்கார். மூன்றாவதை ஒப்புக்கொள்ளப் பெரும்பாலோர் தயங்குவர். மலையாளத்திலும் 'பறஞ்ஞிட்டுண்டு', 'பறயாறுண்டு' என்னும் வேறுபாடு உள்ளது. ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் 'சொல்வதுண்டு' என்பதையும் மற்றொருவர் மலையாளத்தில் 'பறஞ்ஞிட்டுண்டு' என்பதையும் கையாண்டால், மலையாளிகள் தமிழரைவிட ஒளிவுமறைவற்றவர்கள் என்னும் முடிவு கிடைக்கும். அது மக்களைப் பற்றிய முடிவன்று. வினை வடிவம் பற்றிய முடிவேயாகும்.

4.2 எதிர்மறைக் கூற்றுகள்

எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று கூறிவிடும் போக்கைத் தடுக்க அளவுகோல்களில் எதிர்மறைக் கூற்றுகள் கலந்து வைக்கப்படுகின்றன. 'நீங்கள் போகவில்லையா?' என்னும் வினாவுக்குத் தமிழில் 'ஆமாம், போகவில்லை' என்றும் 'இல்லை, போகவில்லை' என்றும் கூறலாம். இரண்டும் ஒரே பொருளைத் தருவன. நேரில் பேசும்போது பின்வரும் வினைமுற்று ஐயத்தை நீக்கிவிடும். இணையப் படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு கட்டங்களே உள்ளன. வினைமுற்றுக்கு அங்கு இடமில்லை. ஆகவே தமிழ்ப் படிவங்களில் விடைக் கட்டத்திலேயே 'ஆம், மறுத்திருக்கிறேன்', 'இல்லை, மறுத்ததில்லை' என முழுத் தொடரைத் தருவது தக்கது.

4.3 இரட்டை வழக்கும் இணையவழி ஆய்வும்

கேட்பவர் எதிரில் இல்லாதபோது மக்கள் கூச்சத்துக்குரியவற்றை மிகுதியாக ஒப்புக்கொள்வர் என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. குரோய்ட்டர், பிரெசர், டூரங்கோ ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. மேரிலாந்துப் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, தொலைபேசியில் ஆள் கேட்டும், பதிவுசெய்த குரலால் கேட்டும், இணையவழியிலும் வினவினர். விடைகளைப் பல்கலைக்கழக ஆவணங்களோடு ஒப்பிட்டனர். மதிப்புக் குறைவான செய்திகளை இணையவழியினரே மிகுதியாக ஒப்புக்கொண்டனர்.

இம்முடிவைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவதில் ஒரு தடை உண்டு. ஆங்கிலத்தில் ஆள் கேட்கும் நடைக்கும் படிவத்தின் நடைக்கும் தொலைவு குறைவு. தமிழிலோ நேர்காணுபவர் கையிலுள்ள படிவம் எழுத்து வழக்கில் இருப்பினும் வாயால் கேட்கும்போது பேச்சு வழக்குக்கு மாற்றியே கேட்பார். இணையப் படிவத்தில் அவர் இல்லாமற் போவதோடு பேச்சு வழக்கும் இல்லாமற் போகின்றது. எஞ்சுவது பாடநூலிலும் அரசாணையிலும் காணும் நடை. அந்நடை பள்ளித் தேர்வை நினைவூட்டுவது. தேர்வில் எழுத வேண்டுவது 'சரியான விடை'. ஆகவே ஆள் இன்மையால் சாய்வு குறையும் வேளையில் நடை மாற்றத்தால் அது கூடவும் இடமுண்டு. ஆய்வுமுறையின் விளைவையும் நடையின் விளைவையும் பிரித்தறிய வேண்டுமாயின், ஒரே இணையப் படிவத்தை எழுத்து வழக்கிலும் பேச்சு வழக்குக்கு அணுக்கமான நடையிலும் அமைத்து, குலுக்கல் முறையில் வழங்கி ஒப்பிடுதல் வேண்டும்.

ஊர்ப்புறங்களில் ஒரு கைப்பேசியைக் குடும்பத்தார் பலர் பயன்படுத்துவதும் கருதத்தக்கது. தோளுக்குமேல் ஒருவர் எட்டிப் பார்க்கும் நிலையில் நிரப்பப்படும் படிவம் மறைவானது ஆகாது.

5. தீண்டாமை, தீட்டு, அயித்தம்

முன்னுரையில் எழுப்பிய வினாவை இனி நோக்கலாம். 'தீண்டாமை' என்பது 'தீண்டு' என்னும் வினையடியாகப் பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயர். தொடாதிருத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். மலையாளத்தில் அதே வினையடியிலிருந்து தோன்றிய 'தீண்டல்' உடன்பாட்டு வடிவம். அணுகுவதாலோ தொடுவதாலோ மாசு நேர்தலைக் குறிப்பது. தமிழ்ச்சொல் விலக்கிவைக்கும் செயலைப் பெயரிடுகின்றது; மலையாளச் சொல் அச்செயலுக்குக் காரணமாகக் கூறப்பட்ட மாசைப் பெயரிடுகின்றது. வேர் ஒன்றாயினும் நோக்கு வேறு.

மலையாளத்தில் பெருவழக்கான மற்றொரு சொல் 'அயித்தம்'. இது 'அசுத்தம்' என்னும் வடசொல்லின் திரிபு. 1924-25இல் நடைபெற்ற வைக்கம் சத்தியாக்கிரகம், 1936ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் ஆலய நுழைவு அறிவிப்பு ஆகியவற்றோடு பிணைந்த சொல் இது. சகோதரன் அய்யப்பன் செறாயியில் 1917இல் நடத்திய கலப்பு விருந்தும் அயித்தத்துக்கு எதிரான நிகழ்ச்சியாகவே நினைக்கப்படுகின்றது. எனவே இன்றைய மலையாளியின் காதில் 'அயித்தம்' என்பது வென்று முடிந்த ஒரு போராட்டத்தின் பெயராக ஒலிக்கக்கூடும். 'உங்கள் வீட்டில் அயித்தம் உண்டா?' என வினவுவது, அவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கிறீர்களா என வினவுவதற்கு ஒப்பாகும்.

தமிழில் 'தீண்டாமை' சட்டச் சொல்லாகவும் நிலைபெற்றுவிட்டது. இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அதனை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரியதாக்கியது. அது பாவம், குற்றம், மனிதப் பண்பற்றது என்னும் வாசகங்கள் தமிழகப் பாடநூல்களின் முதற்பக்கங்களில் பல்லாண்டுகளாக அச்சிடப்பட்டு வருகின்றன. இச்சொல்லைக் கொண்டு அமைந்த வினா, ஒருவரைத் தம் வாயால் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதாகும். வீட்டில் வழங்கும் சொல் 'தீட்டு' என்பது. அதுவும் 'தீண்டு' என்பதன் அடியாகப் பிறந்ததே. ஆயின் அதில் சட்டத்தின் சாயல் இல்லை. தனிக் குவளை வைத்திருக்கும் ஒருவர் தாம் 'தீண்டாமை' கடைப்பிடிப்பதாக எண்ணாமல் 'தீட்டு' பார்ப்பதாகவே எண்ணலாம். அவர் 'இல்லை' என்று கூறுவது பொய்யன்று. வினா அவர் அறிந்த பெயரால் கேட்கப்படவில்லை.

'தீட்டு' என்று வினவினால் சிக்கல் தீருமோ எனின் தீராது. இறப்புத் தீட்டு, மாதவிலக்குத் தீட்டு ஆகியவையும் இச்சொல்லுள் அடங்கும். மலையாளத்தில் இறப்புத் தீட்டுக்குப் 'புல' என்னும் தனிச்சொல் உண்டு. 'அயித்தம்' பெரிதும் சாதி பற்றியது. ஆகவே தமிழில் 'தீட்டு' என்றும் மலையாளத்தில் 'அயித்தம்' என்றும் வினவினால் எல்லைக்கு இப்புறம் விழுக்காடு கூடியும் அப்புறம் குறைந்தும் காணும். ஒரு சொல் குறைத்து அளக்கின்றது. மற்றொன்று மிகுத்து அளக்கின்றது.

சொல்லை விடுத்துச் செயலை வினவுதல் ஒரு வழி. மனித மேம்பாட்டு ஆய்வு இதனை ஓரளவு பின்பற்றியது. தீண்டாமை கடைப்பிடிக்கப்படுகிறதா என முதலில் வினவி, இல்லை என்றோரிடம், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் சமையலறைக்குள் வந்தாலோ வீட்டுப் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ ஏதும் தடை உண்டா என வினவியது. மேற்குறித்த 27 விழுக்காடு இரு வினாக்களின் விடைகளையும் சேர்த்த தொகை. ஷா, மந்தர், தோரட், தேஷ்பாண்டே, பவிஸ்கர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட நூல் வேறொரு வழியைக் காட்டுகின்றது. 11 மாநிலங்களில் 565 ஊர்களை உள்ளடக்கிய அவ்வாய்வு, வீட்டாரின் மனப்பாங்கை விடுத்துத் தேநீர்க் கடை, கோயில், நீர்நிலை ஆகிய இடங்களில் நிலவும் வழக்கங்களைப் பதிவுசெய்தது. 'இரட்டைக் குவளை' போன்ற வழக்கத்தைக் கண்ணால் காணலாம். பாதிக்கப்பட்டோரிடம் கேட்டும் அறியலாம். கோவிந்தாபுரச் செய்தியும் வெளிவந்தது அவ்வாறே. எந்த வீட்டாரும் அதனை ஒப்புக்கொண்டமையால் அன்று. குழாயடியில் நின்றவர்கள் கூறியமையால்.

6. மறைமுக அளவீடு

ஒப்புக்கொள்ளும் அச்சத்தை நீக்கி அளக்கும் முறைகளும் உள. 1965இல் வார்னர் வெளியிட்ட முறை அவற்றுள் பழமையானது. அதனைப் பகடை கொண்டு விளக்கலாம். விடையளிப்பவர் தமக்குள் பகடையை உருட்டுகிறார். 1 முதல் 4 வரை விழுந்தால் 'நான் இதைச் செய்கிறேன்' என்னும் கூற்றுக்கும், 5 அல்லது 6 விழுந்தால் 'நான் இதைச் செய்வதில்லை' என்னும் கூற்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் கூறுகிறார். அவர் எக்கூற்றுக்கு விடையளித்தார் என்பது எவருக்கும் தெரியாது. அச்செயலைச் செய்பவர் எவருமே இல்லையெனினும் 100க்கு 33 பேர் 'ஆம்' என்பர். 40 பேர் 'ஆம்' என்றால் அச்செயலைச் செய்வோர் 20 விழுக்காட்டினர் எனக் கணக்கிடலாம். தனியாள் மறைந்து, தொகை மட்டும் வெளிப்படுகின்றது. இணையவழியில் திரையிலேயே பகடையை உருட்டச் செய்தால், எண்ணைக் கணினி அறிந்திருக்கும் என்னும் ஐயம் எழும். ஆகவே பகடையோ நாணயமோ விடையளிப்பவர் கையில் இருத்தல் நன்று.

மற்றொன்று பட்டியல் முறை. குலுக்கலில் பிரித்த இரு குழுக்களுள் ஒன்றுக்கு நான்கு பொதுச் செயல்களும், மற்றதற்கு அந்நான்கோடு கூச்சத்துக்குரிய ஐந்தாவது செயலும் தரப்படும். எவை பொருந்தும் என்று கூறாமல், எத்தனை பொருந்தும் என்று மட்டும் கூற வேண்டும். எடுத்துக்காட்டாக முதற்குழுவின் சராசரி 1.80 என்றும் இரண்டாம் குழுவின் சராசரி 1.95 என்றும் வந்தால், ஐந்தாவது செயலை உடையோர் 15 விழுக்காடு எனலாம். நேரடியாகக் கேட்டபோது 2 விழுக்காடும் பட்டியல் முறையில் 15 விழுக்காடும் வருமாயின், இடைப்பட்ட 13 விழுக்காடு ஏற்பு விடையின் அளவெனக் கொள்ளலாம். இம்முறையில் பிழை எல்லை பெரிதாதலால் மிகப் பலரிடம் வினவ வேண்டும் என்பது இதன் குறை.

இம்முறைகள் அச்சத்தை நீக்கலாம். சொல்லின் பொருளை மாற்றா. ஐந்தாவது செயல் 'தீண்டாமை கடைப்பிடித்தல்' என எழுதப்பட்டால், தாம் அதனைச் செய்வதாகக் கருதாதவர் எவ்வளவு மறைவிலும் அதனை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார். 'வேலைக்கு வருபவருக்குத் தனிக் குவளை வைத்திருத்தல்' என எழுதப்பட்டால் சேர்ப்பார். இவ்விரு வடிவங்களையும் பட்டியல் முறையிலும் நேரடியாகவும் வினவினால் நான்கு எண்கள் கிடைக்கும். ஒரே வடிவத்தின் இரு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு அச்சத்தின் அளவு. ஒரே முறையில் இரு வடிவங்களுக்கிடையே உள்ள வேறுபாடு சொல்லின் அளவு. முன்னுரையில் பிரிக்க இயலாதிருந்த காரணங்கள் இவ்வாறு பிரிகின்றன.

7. மொழிபெயர்ப்பாளரின் பங்கு

வினாநிரல் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கப் பெரிதும் கையாளப்படுவது மீள்மொழிபெயர்ப்பு. பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய இவ்வழியில், இலக்குமொழிப் படிவத்தை மற்றொருவர் மூலமொழிக்குத் திருப்புவார். இரண்டும் ஒத்திருப்பின் மொழிபெயர்ப்பு ஏற்கப்படும். இங்குள்ள குறை வெளிப்படை. 'தீண்டாமை' எவ்வித மாற்றமும் இன்றி மூலச் சொல்லுக்குத் திரும்பும், சரிபார்ப்பவர் நிறைவடைவார். 'தனிக் குவளை' திரும்பும்போது மூலத்தில் இல்லாத குவளை தோன்றும்; அது பிழையெனத் திருத்தப்படும். மீள்மொழிபெயர்ப்பு அகராதிச் சமன்மையையே ஊக்குவிக்கின்றது. அகராதியும் சட்டமும் ஏற்ற சொல்லே பெரும்பாலும் ஏற்பு விடையைத் தூண்டும் சொல்லாகவும் அமைகின்றது.

2002இல் களப்பணி தொடங்கிய ஐரோப்பியச் சமூக ஆய்வு வேறு வழியைக் கொண்டது. ஜேனட் ஹார்க்னஸ் வகுத்த அம்முறையில் இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர், குழு கூடி ஒப்பிடும், ஒருவர் முடிவுசெய்வார், சிலரிடம் முன்னோட்டமாக வினவப்படும், ஒவ்வொரு முடிவின் காரணமும் எழுதிவைக்கப்படும். தமிழுக்கு இவற்றோடு வேறு சிலவும் தேவை. முன்னோட்டத்தில் விடையை மட்டும் கேளாமல், வினாவை அவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். அவர் எச்சொல்லைக் கொண்டு சொல்கிறார் என்பதே மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்கும் அகராதி. 'உண்டு' வடிவங்களுள் எது ஆளப்பட்டது என்பதைப் பிறமொழிப் படிவங்களோடு ஒப்பிட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். 'நீங்கள்', 'உங்கள் வீட்டில்', 'உங்கள் ஊரில்' என்னும் மூன்றும் ஒன்றல்ல என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். ஊரைப் பற்றிக் கூறுவதில் உள்ள எளிமை வீட்டைப் பற்றிக் கூறுவதில் இல்லை.

நாட்டின் விளைவையும் மொழியின் விளைவையும் பிரிப்பதற்குத் தமிழ் நல்வாய்ப்பு அளிக்கின்றது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தமிழ் வழங்குவதால், மொழியை நிலைநிறுத்தி நாட்டை மாற்றி ஆராயலாம். கோவிந்தாபுரம் போன்ற எல்லை ஊர்களில் சட்டமும் சந்தையும் சாலையும் ஒன்றாயிருக்க மொழி மட்டும் மாறுவதால், இடத்தை நிலைநிறுத்தி மொழியை மாற்றி ஆராயலாம். 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டினரே. மாநில அளவிலான ஆய்வில் இவர்கள் குரல் தனியே கேட்பதில்லை. எல்லை வட்டங்களுக்குத் தனி மாதிரி எடுத்து, இருமொழியாளருக்குக் குலுக்கலில் ஒரு மொழிப் படிவத்தை வழங்கினால், எண்ணில் மொழியின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகும்.

8. முடிவுரை

சமூக ஏற்பு விடை விடையளிப்பவரின் குறை என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. அதன் ஒரு பகுதி வினாவிலேயே உள்ளது என்பதும், பன்மொழி ஆய்வுகளில் அப்பகுதியை ஆக்குபவர் மொழிபெயர்ப்பாளர் என்பதும் இதுகாறும் கூறியவற்றால் புலனாகும். ஒரு செயலைக் கண்டிப்பதற்காக உருவான சொல், அச்செயலை எண்ணுவதற்கு ஏற்ற சொல்லாக இருப்பதில்லை. கண்டனத்தின் வெற்றி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அச்சொல் எண்ணும் ஆற்றலை இழக்கின்றது.

இது முறையியல் பற்றிய நுண்பொருள் மட்டுமன்று. குடிநீர்க் குழாய் எத்தனை வேண்டும், புகாரை விசாரிப்பதா விடுவதா என்பன போன்ற முடிவுகள் விழுக்காடுகளை வைத்தே எடுக்கப்படுகின்றன. 2 விழுக்காடு என்னும் எண் கையில் இருக்கும்போது, அம்பேத்கர் குடியிருப்பிலிருந்து எழும் முறையீடு விதிவிலக்காகவோ மிகைக்கூற்றாகவோ ஒதுக்கப்படக்கூடும். அவ்வெண்ணுக்குப் பின்னே எந்தச் சொல் நின்றது என வினவும் பொறுப்பு மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது.